நூறு உறைகளும் குடை பிடித்த ஆமையும்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியது அல்ல. ஓர் ஆமையால் வந்தது. குடை பிடித்த ஆமை. அது என்னிடம் இல்லை. அதுதான் பிரச்சினை.

முதல் வரிக்கு மூன்று முறை முயன்றேன்.

"என் மனைவி இறந்து பதினொரு மாதம் ஆகிறது." (தகவல் சரி. ஆனால் இப்படித் தொடங்கினால் நீங்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு படிப்பீர்கள். இந்தக் கதைக்கு அந்த முகம் பொருந்தாது.)

"நிகழ்தகவு என்பது ஒரு நிகழ்ச்சி—" (பாடப்புத்தகம். வேண்டாம்.)

"திங்கட்கிழமை மச்சினி போன் செய்தாள்."

மூன்றாவது இருக்கட்டும். நடந்ததும் அதுதான்.

2

திங்கட்கிழமை மச்சினி போன் செய்தாள். மச்சினி என்றால் என் மனைவியின் தங்கை. எனக்குத் தொழிற்சாலையில் சாப்பாட்டு இடைவேளை.

"மாமா, கடுதாசி ஊரை மூடறாங்களாம்."

"எந்த ஊரு?"

"ஐயோ, கேம் மாமா. அக்கா ஆடுவாளே. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணியோட மொத்தமா மூடறாங்க. அக்காவோட உறையெல்லாம் பிரிக்காம அப்படியே கிடக்கு."

"எத்தனை?"

"தொண்ணூத்தி நாலு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"என் போன்லருந்து நான் அவ ஊருக்கு அப்பப்ப போய்ப் பார்த்துட்டு வருவேன். வாசல்ல தபால் பெட்டி பிதுங்கிக்கிட்டு நிக்குது, மேல எண்ணிக்கை போட்டிருக்கு."

சாப்பாட்டு டப்பாவை மூடினேன். பாதி மிச்சம் இருந்தது.

விளையாட்டை விளக்கிவிடுகிறேன். போனில் ஒரு சின்ன ஊர். தினமும் ஒரு முறை உள்ளே போனால் ஓர் உறை கிடைக்கும். உறையைப் பிரித்தால் ஒரு விலங்கு பெட்டியோடு இறங்கி வந்து அந்த ஊரில் குடியேறும். வாத்து, முயல், முள்ளம்பன்றி. பெரும்பாலும் வாத்து. மிக அரிதாகக் குடை பிடித்த ஆமை.

ஆமை என்ன செய்யும்? நடக்கும். மழை பெய்தால் குடையை விரிக்கும். அவ்வளவுதான். அதற்குத்தான் என் மனைவி அவ்வளவு ஆசைப்பட்டாள்.

3

ஆமை எவ்வளவு அரிது என்பதைக் கண்டுபிடித்தது நான். திரையின் மூலையில் சின்னதாக ஒரு கேள்விக்குறி இருந்தது. யாரும் தொடாத இடம். தொட்டேன். ஆமை: ஒரு சதவீதம்.*

"அப்படின்னா நூறு உறை சேர்த்தா ஆமை வந்துடும்" என்றாள் என் மனைவி.

"வராமலும் போகலாம்."

"நூத்துல ஒண்ணு. என்கிட்ட நூறு இருக்கும். ஒண்ணு வரும். மூணாங்கிளாஸ் கணக்கு."

"அறுபத்தி மூணு சதவீதம்தான் வரும்."

"மிச்சம் முப்பத்தேழு எங்க போச்சு? நீ சாப்டியா?"

நான் பூட்டுத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன். நூறு பூட்டில் ஒன்று பழுது என்றால் ஒவ்வொரு நூறிலும் ஒழுங்காக ஒன்று வந்து உட்கார்ந்திருக்காது. ஒரு பெட்டியில் மூன்று இருக்கும். அடுத்த பெட்டியில் ஒன்றும் இருக்காது. இதை மேலாளருக்கு மாதம் ஒரு முறை விளக்குவேன். அவளுக்கும் விளக்கினேன். ஓர் உறையில் ஆமை இல்லாமல் போக நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாய்ப்பு. அதை அதாலேயே நூறு முறை பெருக்கினால் ஏறக்குறைய முப்பத்தேழு சதவீதம். நூறு பேர் ஆளுக்கு நூறு உறை பிரித்தால் முப்பத்தேழு பேர் வெறுங்கையோடு போவார்கள்.

"மொத்தம் எத்தனை ஆமை வரும்?" என்றாள்.

"சுமாரா நூறு."

"ஆள் நூறு, ஆமை நூறு. அப்புறம் எப்படிப் பத்தாமப் போகும்?"

"சில பேருக்கு ரெண்டு வரும். சில பேருக்கு மூணு."

"அப்ப எவளோ ஒருத்தி என் ஆமையையும் சேர்த்து வச்சிருக்கா. அவ அட்ரஸ் குடு."

பந்தயம் போட்டோம். நூறு உறை சேரும்வரை ஒன்றையும் பிரிக்கக் கூடாது. ஆமை வராவிட்டால் அவள் தோற்றாள். வந்தால் நான் தோற்றேன். தோற்றவர் அவளுடைய அம்மா முன்னால் எழுந்து நின்று, "நான் சொன்னது தப்பு, நீ சொன்னதுதான் சரி" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். இந்தப் பந்தயத்தில் ஒரு கோளாறு உண்டு. ஆமை வந்தாலும் என் கணக்கு பொய்யாகிவிடாது. அதைச் சொன்னேன். "பயந்துட்டியா?" என்றாள்.

* சில விளையாட்டுகளில் இத்தனை முறை ஏமாந்தால் அடுத்த முறை கட்டாயம் தருவோம் என்று ஒரு விதி இருக்கும். இதில் இல்லை. கேள்விக்குறிக்குள் கடைசி வரி வரை படித்துவிட்டேன். ஒவ்வோர் உறைக்கும் அதே ஒரு சதவீதம். முந்தைய உறையில் என்ன இருந்தது என்பது அடுத்த உறைக்குத் தெரியாது.

4

(இந்தப் பகுதியில் மருத்துவமனை இருந்தது. எடுத்துவிட்டேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஒரு வரைவில் மருத்துவர், "நூத்துல ஒருத்தருக்கு இப்படி ஆகும்" என்று சொல்வதாக எழுதியிருந்தேன். கதை கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் அங்கே யாரும் எந்த எண்ணும் சொல்லவில்லை. கச்சிதத்துக்காக அவளைப் பயன்படுத்த எனக்கு மனமில்லை.)

5

திரும்பப் படித்தேன். மனைவி பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. எதற்கெடுத்தாலும் சட்டென்று பதில் சொல்கிறாள். அப்படிப்பட்டவள் இல்லை. "நீ சாப்டியா" என்று அன்று அவள் சொல்லவேயில்லை. அன்று "போடா" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டே வந்து, வாய் நிறைய நுரையோடு, "மிச்சம் முப்பத்தேழை நீ சாப்டியா?" என்றாள். பதிலைத் தேடி எடுக்க அவளுக்கு ஓர் இரவு தேவைப்பட்டிருக்கிறது.

மேலும் சில தகவல்கள். அலமாரிக் கதவைத் திறந்தால் மூட மாட்டாள். சீட்டாட்டத்தில் ஏமாற்றுவாள், அதையும் மோசமாக ஏமாற்றுவாள். அவள் சிரித்தால் அறை முழுவதும்— (வேண்டாம். அறை அப்படியேதான் இருக்கும்.)

6

திங்கட்கிழமை அவளுடைய போனை வெளியே எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை எடுத்தேன். மேசை இழுப்பறையில்தான் இருந்தது.

"ஆன் பண்ணப்ப எப்படி இருந்துச்சு மாமா?" என்று மச்சினி கேட்டாள்.

"சார்ஜ் இல்லை."

"அது இல்ல மாமா..."

"தெரியுது."

ரகசிய எண் எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு ரகசியம் காக்க வராது. கடுதாசி ஊர் திறந்தது. "நீண்ட நாளாகக் காணோமே!" என்றது ஒரு வாத்து. ஓர் உறை கிடைத்தது. தொண்ணூற்றைந்து. செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு நாள், ஆறு உறை. சரியாக நூறு. ஒரு நாள் தவறினாலும் தொண்ணூற்றொன்பது.

புதன், தொண்ணூற்றாறு. வியாழன், தொண்ணூற்றேழு. தினமும் அந்த ஊருக்குள் கொஞ்சம் நடந்தேன். வேறு என்ன செய்தேன் என்று நினைவில்லை. சவரம் செய்தேன் என்று மேலாளர் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை உறையை வாங்கிவிட்டுப் போனைச் சமையலறையில் சார்ஜில் போட்டேன். அத்தை வந்திருந்தார். என் மனைவியின் அம்மா. முப்பது வருடம் பேருந்தில் டிக்கெட் பரிசோதகர். இப்போதும் யாராவது எதையாவது நீட்டினால் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்.

நான் குளித்துவிட்டு வந்தேன்.

"மாப்ள, உங்களுக்கு ஒரு கடிதம் வந்திருக்குன்னு போன்ல மினுக்கு மினுக்குன்னுச்சு. பிரிச்சிட்டேன்."

"எதைப் பிரிச்சீங்க?"

"கடிதத்தை. உள்ள ஒரு வாத்து இருந்துச்சு. பெட்டியெல்லாம் தூக்கிட்டு வந்துச்சு பாவம்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ஏன் அத்தை?"

"என்ன ஏன்? ஆபீஸ்ல மெமோ வந்தா அன்னிக்கே பிரிக்கணும். பிரிக்காம வச்சவன் எவனும் உருப்பட்டதில்லை. முப்பது வருஷப் பழக்கம் மாப்ள, கை தானா போகுது."

பந்தயத்தைச் சொன்னேன். ஆமை, நூறு, அறுபத்து மூன்று எல்லாவற்றையும். அவருக்கு அதுவரை தெரியாது. தன் முன்னால் ஒருவர் எழுந்து நிற்க வேண்டும் என்பதும் தெரியாது. கேட்டுவிட்டு ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தார். கை எப்போதோ காய்ந்துவிட்டது.

"கெடுத்துட்டேனா?"

"இல்லை. நூத்துல ஒண்ணை முதல்லயே பிரிச்சாச்சு. மிச்சம் தொண்ணூத்தொம்பது. அறுபத்தி மூணு இப்பவும் அறுபத்தி மூணுதான். புள்ளிக்கு அப்புறம்தான் குறையும்."

"புள்ளிக்கு அப்புறம் எவ்வளவு?"

"கொஞ்சம்."

"அந்தக் கொஞ்சத்தை நான் எங்க போய்த் தேடுவேன்" என்றார்.

(இந்த இடத்தில் இருவரும் அழுவதாக எழுதலாம். எழுதிப் பார்த்தேன். அத்தைக்குப் பிடிக்கவில்லை. "நான் எங்க அழுதேன்? வெங்காயத்தைப் போடுங்க" என்றார். வெங்காயமும் அன்று நறுக்கவில்லை.)

7

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி. மேசையைச் சுற்றி மூன்று பேர். போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து நிறுத்தியிருந்தோம். தொண்ணூற்றொன்பது உறை. பிரிப்பது மச்சினி. எண்ணிக்கை அத்தை. எனக்கு வேலை தரவில்லை.

ஒவ்வொரு விலங்கும் பெட்டியோடு இறங்கி, நடந்து, தலை வணங்கப் பதினைந்து நொடி ஆகும். அதைத் தவிர்க்க முடியாது. வாத்து. வாத்து. முயல். வாத்து. அத்தை ஒவ்வொருவரையும் "உள்ள போங்க, உள்ள போங்க, வழியில நிக்காதீங்க" என்று ஊருக்குள் அனுப்பினார்.

பத்தாவதில் மச்சினி விரலை மாற்றினாள். இருபதாவதில் கை கழுவிவிட்டு வந்தாள். முப்பதாவதில், "மாமா, நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க. உங்க முகத்தைப் பார்த்தா ஆமை வராது" என்றாள். திரும்பிக்கொண்டேன். முள்ளம்பன்றி வந்தது.

நாற்பத்தொன்றாவது உறை. வாத்து.

"மிச்சம் ஐம்பத்தெட்டு" என்றார் அத்தை.

"நல்லது" என்றாள் மச்சினி. "இத்தனை தடவை வரல. இனிமே வந்துதானே ஆகணும்? இப்ப எவ்வளவு மாமா?"

"நாப்பத்தி நாலு."

"என்னது? அறுபத்தி மூணு இருந்துச்சே. இவ்வளவு திறந்தும் குறைஞ்சிடுச்சா?"

"திறந்ததாலதான் குறைஞ்சுது. போனது போனதுதான். மிச்சம் இருக்கிற ஐம்பத்தெட்டை வச்சுத்தான் கணக்கு."

"அநியாயமா இருக்கே. பட்ட ஏமாத்தத்துக்கு ஒரு மதிப்பு கிடையாதா?"

நான் தாளை எடுத்தேன். அத்தை என் கையைத் தள்ளிவிட்டார்.

"இவளுக்கு நான் சொல்றேன். ஏண்டி, நாப்பது பேர் டிக்கெட் காட்டிட்டான். நாப்பத்தோராவது ஆளு வித்தவுட்டுன்னு சட்டையைப் பிடிக்க முடியுமா? அவன் பாவம், டிக்கெட்டைக் கையிலயே வச்சிருப்பான். ஒரு வண்டியில ஒருத்தனும் சிக்க மாட்டான். அடுத்த வண்டியில வரிசையா மூணு பேர் சிக்குவான். எவன் எங்க ஏறுவான்னு அவனவன் இஷ்டம்."

நான் அத்தையைப் பார்த்தேன். மேலாளருக்கு மூன்று வருடமாக நான் விளக்கிக்கொண்டிருப்பது இதைத்தான்.

"அத்தை, அப்ப நான் சொல்ற கணக்கு சரிதானே?"

"கணக்கு உங்க பக்கம்தான் மாப்ள. அதுல என்ன சந்தேகம்?" செம்பில் சரிந்த போனை நிமிர்த்தி வைத்தார். "நான் அவ பக்கம்."

8

இங்கே நிறுத்துகிறேன்.

முடிவுகள் இருக்கின்றன. இரண்டு எழுதினேன்.

முதல் முடிவு: எழுபத்து மூன்றாவது உறையில் ஆமை வருகிறது. மச்சினி கத்துகிறாள். அத்தை, "டிக்கெட்டைக் காட்டு" என்கிறார். ஊரில் மழை பெய்கிறது. (மழை அதிகம். எடுத்துவிடலாம்.)

இரண்டாம் முடிவு: வரவில்லை. கடைசி உறையில் வாத்து. ஆறு மணிக்குத் திரை வெள்ளையாகிறது. நான் ஜெயித்துவிட்டேன். தோற்றவர் எழுந்து நின்று சொல்ல வேண்டும். மேசையருகே ஒரு நாற்காலி காலி. யாரும்— (இதற்கு மேல் எழுத வரவில்லை.)

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். சொன்னாலும் பந்தயம் தீராது. ஒருத்தியின் நூறு உறையை வைத்து எந்தக் கணக்கையும் நிரூபிக்க முடியாது. ஒரே ஒரு பூட்டைத் திறந்து பார்த்துவிட்டுத் தொழிற்சாலைக்குச் சான்றிதழ் தருவது போல ஆகும். நிறைய பேர் வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதினேன்.

உங்களில் நூறு பேர் இதைப் படிப்பதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஐம்பத்தெட்டு உறை தருகிறேன். ஒவ்வொருவரும் உங்களுக்குத் தோன்றியபடி கதையை முடித்துக்கொள்ளுங்கள். என் கணக்குப்படி நாற்பத்து நாலு பேருக்குத்தான் ஆமை வர வேண்டும். மீதி ஐம்பத்தாறு பேர் கடைசி வாத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூட வேண்டும். அந்த ஐம்பத்தாறு பேர் யார் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். நான் தலையிட மாட்டேன்.

ஒருவேளை அப்படி யாரும் கிடைக்காமல் போகலாம். நூறு பேருமே ஆமையைக் கொடுத்துவிடலாம். நூற்றுக்கு நூறு. அப்படி நடக்கும் வாய்ப்பை என் முறைப்படி கணக்கிட்டுப் பார்த்தேன். புள்ளிக்குப் பிறகு முப்பத்தைந்து பூஜ்யம் வந்தது. அதுவும் நடந்துவிட்டால் தோற்றவன் நான்தான். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன். அத்தை எதிரில் இருக்கிறார். "என்ன மாப்ள, கால் மரத்துப்போச்சா?" என்கிறார். நான் வாயைத் திறந்து வைத்திருக்கிறேன்.

மச்சினியின் விரல் திரைக்கு மேல் நிற்கிறது. மணி ஐந்து நாற்பது. நீங்கள் கொஞ்சம் சீக்கிரம்.