நீலப் பைகளைப் பற்றி ஒரு மின்னஞ்சல்

வெர்னா லாத்தினன் எழுதும் மின்னஞ்சல்கள் கனடாவின் தண்டர் பே வட்டாரத்தில் பிரசித்தம். பெல்டியர் தானிய ஆலையில் வாடிக்கையாளர்களுக்கு எழுதும் வேலை அவளுடையது. பள்ளிக்கூடங்கள், முதியோர் இல்லங்கள், ஏரிக்கரைக் கோடை முகாம்கள் என்று வறுத்த ஓட்ஸ் கலவை வாங்குகிற எல்லோரையும் அவளுக்குப் பெயர் சொல்லித் தெரியும். முதலில் ஏரியில் பனி உருகிவிட்டதா என்று கேட்பாள். பிறகு அவர்களுடைய முழங்கால் வலி, மகளின் கல்யாணம், நாயின் ஆபரேஷன் எல்லாம் விசாரிப்பாள். சொல்ல வந்த விஷயம் கடைசிப் பத்திக்கு முன்னால் எங்கேயோ ஒதுங்கி நிற்கும்.

ஈஸ்டர் வாரம் லாரி வராது என்று அவள் எழுதியதை அப்படித்தான் ஒருவரும் கவனிக்கவில்லை. முதியோர் இல்லங்களிலிருந்து முதலாளி ஹார்வி பெல்டியருக்கு வசவாக வந்து விழுந்தது. அவர் வெர்னாவை ஒன்றும் சொல்லவில்லை. ஆலைத் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் டார்சி மூனியஸ்தான் விடவில்லை.

"உங்க மெயிலைப் படிக்கணும்னா ஒரு நாள் லீவு போடணும் வெர்னா."

"நான் மனுஷங்களுக்கு எழுதறேன் டார்சி, மெஷினுக்கு இல்ல," என்று அவள் பதில் சொன்னாள். சொன்னாளே தவிர, மனசுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தலையில் மாட்டிய வலையைக்கூடக் கழற்றாமல் டார்சி அவள் அறைக்குள் வந்து நின்றான். கையில் பிரித்த நீலப் பை ஒன்று இருந்தது. நீலப் பை என்றால் கொட்டைப் பருப்பு எதுவும் சேராத கலவை. ஒவ்வாமை உள்ளவர்களுக்காகவே போடுவது.

"ஹார்வி எங்க?"

"வங்கிக்குப் போயிருக்கார். உனக்கென்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

டார்சி பையை மேசைமேல் சரித்தான். ஓட்ஸுக்கு நடுவே பழுப்பாக ஒரு துண்டு கிடந்தது. வால்நட்.

"வெள்ளிக்கிழமை நான் லீவு. வால்நட் கலவை ஓட்டிட்டு மெஷினைக் கழுவாமலே நீலப் பையை ஓட்டியிருக்காங்க. நேத்து லாரியில எல்லாம் போயிடுச்சு."

வெர்னாவின் கண்முன் வந்து நின்றது ஹெரன் கோடை முகாமின் சமையல்காரி பெர்னிஸ் கார்டினல். இந்த வருஷம் முகாமுக்கு வெஸ் என்று ஒரு பையன் வருகிறான், வால்நட் பட்டாலே அவனுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், அதனால் இனி நீலப் பையே அனுப்பு என்று போன மாதம் எழுதியிருந்தாள் பெர்னிஸ்.

"போன்ல கிடைக்கிறவங்களை எல்லாம் நீ கூப்பிடு," என்றாள் வெர்னா. "நான் எல்லாருக்கும் மெயில் போடறேன். ஹெரன் முகாம் சமையல்கட்டுல போன் கிடையாது, செல்போன் சிக்னலும் எட்டாது, இன்டர்நெட் மட்டும்தான். அங்க மெயில்தான்."

விரல்கள் பழக்கத்தில் ஓடின. அன்புள்ள பெர்னிஸ், இந்தக் கோடை உங்களுக்கு இனிதாகத் தொடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். பல வருஷங்களாக எங்கள்மீது நீங்கள் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு நன்றி. மன்னிப்பு, வருத்தம், எப்படி நடந்தது என்ற விளக்கம் எல்லாம் வரிசையாக வந்தன. அனுப்புவதற்கு முன் ஒருமுறை சரிபார்க்கலாம் என்று அதைத் தனக்கே அனுப்பிக்கொண்டாள். மேசையோரம் இருந்த கைபேசி அதிர்ந்தது. திரையில் தெரிந்தது தலைப்பும் முதல் வரியின் துணுக்கும்தான்: "வெர்னாவிடமிருந்து வணக்கம். அன்புள்ள பெர்னிஸ், இந்தக் கோடை உங்களுக்கு..."

வெர்னா அதையே வெறித்துப் பார்த்தாள். தானே பெர்னிஸாக இருந்தால், ஒரு கையில் கரண்டியோடு இதைப் பார்த்தால், என்ன செய்திருப்பாள்? சிரித்துக்கொண்டே போனைத் திரும்பப் பைக்குள் போட்டிருப்பாள்.

எழுதியது முழுவதையும் அழித்தாள்.

அந்த நேரத்தில் ஹார்வி உள்ளே வந்தார். வாசலிலேயே டார்சி விஷயத்தைச் சொல்லிவிட்டிருந்தான். அவர் முகம் சிவந்திருந்தது.

"பதற்றமில்லாம எழுது வெர்னா. 'தரம் குறித்து ஒரு சிறு தகவல்'னு தலைப்புல போடு. எல்லாருக்கும் சேர்த்து ஒரே மெயிலா அனுப்பிடு. பேரு கெட்டுடக் கூடாது."

அவள் கைபேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நீங்க அடுப்படியில நிக்கறீங்க ஹார்வி. முகாம் முழுக்கப் பசங்க சாப்பாட்டுக்குக் கத்தறாங்க. 'தரம் குறித்து ஒரு சிறு தகவல்'னு ஒண்ணு வருது. திறப்பீங்களா?"

ஹார்வி குனிந்து திரையைப் படித்தார்.

"மாட்டேன்," என்றார் கடைசியில்.

"எல்லாருக்கும் சேர்த்துப் போட்டா, வேற யாராவது பார்த்துப்பாங்கன்னு ஒவ்வொருத்தரும் விட்டுடுவாங்க. நான் தனித்தனியாத்தான் அனுப்பப் போறேன்."

"சரி. உனக்குத் தோணுறபடி செய். உணவுப் பரிசோதனை ஆபீசுக்கு நானே போன் பண்றேன்," என்று அவர் தன் அறைக்குப் போனார். கதவைக்கூடச் சாத்தவில்லை.

வெர்னா தலைப்பை எழுதினாள்: "பரிமாறாதீர்கள்: நீலப் பையில் வால்நட் இருக்கிறது." கீழே நாலே வரி. "நேற்று வந்த நீலப் பைகள் எதையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். ஏற்கனவே யாராவது சாப்பிட்டிருந்தால் உடனே இந்த எண்ணில் என்னைக் கூப்பிடுங்கள். பைகளைத் தனியாக எடுத்து வைத்துப் பூட்டிவிட்டு, 'நிறுத்திவிட்டேன்' என்று ஒரு சொல் பதில் போடுங்கள். பதில் வரும்வரை நான் இந்த மேசையை விட்டு எழுந்திருக்க மாட்டேன்."

இத்தனை வருஷத்தில் இவ்வளவு மொட்டையாக அவள் யாருக்கும் எழுதியதில்லை. அனுப்பும்போது, கூட்டத்தில் யாரையோ அதட்டிவிட்டது போலக் கூச்சமாக இருந்தது. முதலில் பெர்னிஸுக்கு அனுப்பினாள். அப்புறம் மற்றவர்களுக்கு.

பதில்கள் வரத் தொடங்கின. நிறுத்திவிட்டேன் என்றது செயின்ட் ஆன் பள்ளிக்கூடம். நிறுத்தியாச்சு, அலமாரியில் பூட்டியாச்சு என்றது ஒரு முதியோர் இல்லம். இன்னொருவர், "நிறுத்திவிட்டேன். வெர்னா, இது நீங்கதானா, இல்ல ஆளை மாத்திட்டாங்களா?" என்று கேட்டிருந்தார். டார்சி போனில் பிடித்தவர்களும் சரி சொல்லிவிட்டார்கள். எங்கேயும் யாரும் அந்தக் கலவையில் கை வைத்திருக்கவில்லை.

எல்லோரும் பதில் போட்டார்கள், பெர்னிஸைத் தவிர.

வெர்னா முகாம் இயக்குநருக்கு எழுதினாள். "பெர்னிஸிடம் உடனே ஓடிப் போய்ச் சொல்லுங்கள்" என்று தலைப்பிலேயே போட்டாள். அடுத்த நொடியே பதில் வந்தது. அவசரமாகத் திறந்தால், படகுப் பயணத்தில் இருக்கிறேன், வியாழக்கிழமை திரும்புவேன் என்று தானாகப் போகிற பதில் அது. முகாம் அலுவலகத் தொலைபேசி மணியடித்து மணியடித்து ஓய்ந்தது.

"மத்தியானம் பசங்க நீந்திட்டு வந்ததும் பெர்னிஸ் இதைத்தான் தயிர்ல போட்டுத் தருவா," என்றாள் வெர்னா.

டார்சி அதற்குள் வண்டிச் சாவியை எடுத்திருந்தான். "நான் போறேன். அந்த மண் ரோட்டுல ரெண்டு மணி நேரம் ஆகும். நீங்க விடாம முயற்சி பண்ணுங்க."

அந்தப் பக்கத்துப் போலீசுக்கும் ஹார்வி சொல்லி வைத்தார். முகாம் பக்கமாகப் போகிற வண்டி ஏதாவது இருந்தால் அனுப்புகிறோம் என்றார்கள். அதன் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. வெர்னா திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கொண்டுவந்த சாண்ட்விச் பிரிக்கப்படாமலே கிடந்தது. பார்த்தே இராத ஒரு பையனின் தொண்டை அவள் மனத்தை விட்டுப் போகவில்லை.

திடீரென்று மின்னஞ்சல் பெட்டியில் பெர்னிஸ் பெயர் வந்தது.

"நிறுத்திட்டேன். எல்லாம் என் வண்டியில பூட்டி வச்சிருக்கேன். யாரும் சாப்பிடல."

வெர்னா அதை இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது.

"ஏம்மா வெர்னா, என்ன நடக்குது அங்க? போலீஸ்காரர் ஒருத்தர் சமையல்கட்டுல வந்து நிக்கறார். அவரோட சாட்டிலைட் போன்லதான் பேசறேன்."

"பெர்னிஸ்... வெஸ் எப்படி இருக்கான்?"

"அவனுக்கென்ன, எனக்கு எதிர்லயே ஏரியில குதிச்சிட்டிருக்கான். கரைக்கு வரமாட்டேங்கறான்."

வெர்னா நாற்காலியில் சாய்ந்தாள்.

"இருக்கியா? உன் மெயில் காலையிலயே வந்துடுச்சும்மா. அப்பத்தான் பையைப் பிரிக்கக் கத்திரியை எடுத்தேன். திறந்துகூடப் பார்க்கல, மேல இருந்த வரியைப் பார்த்ததுமே கத்திரியைக் கீழ வச்சுட்டேன். அப்புறமாத்தான் முழுசாப் படிச்சேன். பதிலும் போட்டேன். அந்தக் கையோட இன்டர்நெட் போயிடுச்சு போல. பதில் போய்ச் சேர்ந்திருக்கும்னு நினைச்சு நான் என் வேலையைப் பார்க்கப் போயிட்டேன். இப்பத்தான் திரும்ப வந்திருக்கு."

"போகட்டும். நீ நிறுத்தினியே, அது போதும்."

"உண்மையைச் சொல்லட்டுமா? உன் மெயிலை எல்லாம் நான் ஞாயித்துக்கிழமைதான் படிப்பேன். காலை நீட்டிப் படுத்துக்கிட்டு, காபியோட. நல்லாத்தான் எழுதுவே. ஆனா இன்னைக்கு அப்படி எழுதியிருந்தா..."

"டார்சி வந்துட்டிருக்கான். பைகளை அவன்கிட்டக் கொடுத்துடு," என்றாள் வெர்னா. "நல்ல பை நாளைக்கு வரும்."

"வரட்டும். டார்சியை வெறும் வயித்தோட அனுப்ப மாட்டேன். மீன் வறுத்திருக்கேன்."

போனை வைத்ததும் வெர்னாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது, சிரிப்பும் வந்தது. எழுந்து ஹார்வியின் அறை வாசலுக்குப் போனாள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பையன் நல்லா இருக்கான். நீந்திட்டிருக்கான்."

ஹார்வி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, "தலைப்புல நான் சொன்னதைப் போடாம விட்டியே, நல்லதாப் போச்சு," என்றார்.

"மெஷினைக் கழுவுற விஷயத்தை நாளைக்கு எல்லாரும் உட்கார்ந்து பேசணும் ஹார்வி."

"பேசலாம். காலையில முதல் வேலை அதுதான்."

அவர் வெளியே போய்த் திரும்பும்போது கையில் ஓர் அட்டைப் பெட்டி இருந்தது. இளஞ்சிவப்புப் பாகு வழியும், அந்த ஊருக்கே உரிய பெர்ஷியன் பன்கள். தளத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கொடுத்தது போக, ஒன்றைக் கொண்டுவந்து வெர்னா முன்னால் வைத்தார். காலையிலிருந்து எதுவும் சாப்பிடாதது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஜன்னலைத் திறந்துவிட்டு, விரலெல்லாம் பாகு ஒட்ட, மிச்சம் வைக்காமல் தின்று முடித்தாள்.