ஐந்து கிலோ எடைக்கல்

கடைத் தராசு தப்பாகக் காட்டுகிறது, வந்து பார்க்க வேண்டும் என்று பாலாடைக்கட்டிக் கடைக்காரி தியோபிஸ்தி போன் செய்தபோது ஸீஸிஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யானினா நகரத்திலிருந்து அந்த மலை ஊருக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். இருபத்திரண்டு வருடங்களாக அந்த மலைகளில் தராசு சோதிப்பவன் அவன். கசாப்புக் கடை, தேன் வியாபாரி, ஊர் மருத்துவ நிலையம் என்று எங்கே தராசு இருந்தாலும் அதில் அவன் கையெழுத்திட்ட ஸ்டிக்கர் இருக்கும்.

வண்டியிலிருந்து பெட்டியை இறக்கி, ஒரு கிலோ, இரண்டு கிலோ, ஐந்து கிலோ எடைக்கற்களைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான். ஒரு கிராம்கூடப் பிசகவில்லை.

"தராசு சுத்தமா இருக்கு. தப்புன்னு யாரு சொன்னது?"

தியோபிஸ்தி மோவாயால் தம்பி மனைவியைக் காட்டினாள். பொலிக்ஸேனி தோளில் குழந்தையோடு உள்வாசலில் நின்றிருந்தாள். மூன்று மாதக் குழந்தை. இன்னும் ஞானஸ்நானம் ஆகாததால் எல்லோருக்கும் 'குட்டி'தான்.

"நேத்து குட்டிய இதுல வச்சுப் பாத்தேன் மாஸ்டர். அஞ்சு கிலோ அறுநூறு காட்டுச்சு. கிளினிக்ல நாலு முந்நூத்தம்பதுதான்."

"இடுப்புல இரும்பு கட்டி விட்டிருந்தியோ என்னவோ," என்றாள் தியோபிஸ்தி. "கிளினிக் தராசு பொய் சொல்லுமா? நானும் ரெண்டு பெத்தவதான் மாஸ்டர். எம்புள்ளைங்க ஆட்டுக்குட்டி மாதிரி வளர்ந்துச்சு. இவ பாலு வெறும் தண்ணி."

பொலிக்ஸேனி தலை நிமிரவில்லை. "ஆறு வாரமா எடை ஏறவே இல்ல. நேரத்துக்குக் குடுக்கலேன்னு நர்ஸ் ஏசினாங்க. தாய்ப்பால நிறுத்திட்டுப் புட்டிப்பால் குடுத்தேன். அப்பவும் ஏறல. ரெண்டு தடவ ரத்தம் எடுத்துட்டாங்க."

குழந்தையின் குதிகாலில் ஊசி குத்திய நீலத் தழும்பு தெரிந்தது.

ஸீஸிஸுக்குக் காது மடல் சுட்டது. "துணியக் கழட்டிட்டு வைங்கம்மா," என்றான். ஐந்து கிலோ இருநூற்றெண்பது. எண்ணை இரண்டு முறை படித்தான். "கிளினிக் தராசையும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தான்.

பார்க்காமலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. பிப்ரவரியில் அந்தத் தராசுக்கு லோட் செல் மாற்றியவன் அவன்தான். லோட் செல் என்பது கையடக்கமான அலுமினியக் கட்டை. பாரம் ஏறினால் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அந்த வளைவுதான் எண்ணாக மாறும். அதிக பாரத்தில் ஒடிந்துவிடாமல் இருக்க அடியில் ஒரு திருகு முட்டுக்கொடுத்து நிற்கும். இடையில் காகித கனத்துக்கு இடைவெளி விட வேண்டும். அன்று பனி கொட்டியது. வண்டி மேடேறவில்லை. பெட்டி கனம் என்று இரண்டு கிலோ எடைக்கல்லை மட்டும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஏறினான். அது சரியாகக் காட்டியது. படிவத்தில் இரண்டு, ஐந்து, பத்து என மூன்று கட்டத்திலும் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

இப்போது மருத்துவ நிலையத்தில் ஐந்து கிலோ எடைக்கல்லைத் தட்டில் வைத்தான். நான்கு முந்நூறு. நான்கு கிலோவைத் தாண்டியதும் கட்டை திருகில் முட்டி, மிச்ச பாரத்தைத் திருகு வாங்கிக்கொண்டது. அந்த வருடம் ஊரில் பிறந்தவை இரண்டே குழந்தைகள். மற்றொன்றின் குடும்பம் ஏதென்ஸுக்குப் போய்விட்டது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழந்தை இல்லை.

திருகைக் கால் சுற்று இறக்கினான். ஐந்து கிலோ. பத்து கிலோ. அவ்வளவுதான் வேலை.

நர்ஸ் அக்லையா காப்பியோடு வந்தாள். "ஏதாவது கோளாறா?"

"சும்மா தூசி," என்றான்.

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினான். பாதி மலை இறங்கியவன், வளைவு ஒன்றில் வண்டியை நிறுத்தினான். அடுத்த வாரம் குழந்தை திடீரென்று ஒரு கிலோ ஏறியிருக்கும். புட்டிப்பாலின் மகிமை என்பார்கள். தன் பால் விஷம் என்று அந்தப் பெண் சாகும்வரை நம்புவாள். தியோபிஸ்தி அதைச் சொல்லிக்காட்டிக்கொண்டே இருப்பாள். அவன் வண்டியைத் திருப்பினான்.

முதலில் அக்லையாவிடம் சொன்னான். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அவள எப்படியெல்லாம் ஏசினேன்," என்று மட்டும் சொன்னாள்.

பிறகு கடைக்குப் போனான். பெட்டியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் கையில் பிடித்தபடியே சொன்னான். தியோபிஸ்தி கையிலிருந்த கத்தியைக் கழுவும் தொட்டியில் எறிந்தாள்.

"இருபது வருசமா உன் ஸ்டிக்கர நம்பிப் பாலாடைக்கட்டி விக்கிறேன்யா!"

பொலிக்ஸேனி சத்தம் போடவில்லை. "அப்போ என் பாலு நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சும்மா."

"இப்ப வத்திப்போச்சு மாஸ்டர்."

மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொன்னான். அது அந்தக் கடையில் எடுபடவில்லை. பொலிக்ஸேனி குழந்தையின் காலுறையைச் சரிசெய்தபடி சொன்னாள்: "என்கிட்ட சொன்னது போதாது. ஊரே பேசுச்சு. ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு எல்லாரும் சதுக்கத்துக்கு வருவாங்க. அங்க சொல்லுங்க."

அன்றைக்கே அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தான். ஆறு மாதம் எந்தத் தராசுக்கும் முத்திரை போடக் கூடாது என்று அதிகாரி சொன்னார். அது அவனுக்குக் கனமாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் கனத்தது.

சதுக்கத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். குழந்தை சரியாகத்தான் வளர்ந்தது, நான் சோதிக்காமல் சோதித்ததாக எழுதினேன், தாய்ப்பாலில் குறையில்லை என்று சொல்லி முடித்தான். காப்பிக் கடை வாசலில் இருந்த கிழவர் ஒருவர், "போன வருசம் என் கெடாவ எட போட்டியே, அதுவும் இந்த லட்சணந்தானா?" என்றார். சிலர் சிரித்தார்கள். அவன் அதற்கும் நேராகப் பதில் சொன்னான்: "அது சரியா பாத்ததுதான் ஐயா. ஆனா நீங்க நம்ப வேண்டியதில்ல."

அக்லையா கூட்டத்திலிருந்து வந்து அவன் பக்கத்தில் நின்றாள். "நானும் ஏசியிருக்கேன்," என்றாள் உரக்க. தியோபிஸ்தி சர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொலிக்ஸேனி கடைசிவரை கேட்டாள். குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, பெண்கள் நின்ற பக்கமாக, தலை நிமிர்ந்து நடந்து போனாள். அவர்கள் வழிவிட்டார்கள்.