கைராசிக்கு ஒரு பரீட்சை

எனக்குக் கைராசி இல்லையாம். பதினோரு வருஷமா இந்த பேக்கரியில மாவு பிசையறவளைப் பார்த்து மாமியார் சொன்ன வார்த்தை இது. என் ஓரகத்தி, அதான் எங்க வீட்டுச் சின்னவ, கல்யாணமாகி வந்து மூணு மாசம்கூட ஆகல. அவ பிரெட் டின்னுக்கு மேல தலையை நீட்டிக்கிட்டு நிக்குது. என்னோடது பாதியிலேயே படுத்துடுது. அவ வர்ற வரைக்கும் பக்கத்துல வச்சுப் பார்க்க இன்னொண்ணு இல்ல, அதனால யாரும் குறை சொன்னதும் இல்ல.

"திங்கட்கிழமையிலிருந்து மாவு மேடை சின்னவளுக்கு. பெரியவ முன்னாடி கடையில உட்கார்ந்து பாக்கெட் கட்டட்டும்"னுட்டாங்க.

பாக்கெட் கட்டறதாம்! அந்த மேடை முன்னாடி நிக்கறப்பதான் இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு இடம் இருக்கற மாதிரி இருக்கும்.

"மாவு சரியில்ல அத்தை,"ன்னேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்,"னு சொல்லிட்டு அவங்க பாட்டுக்குப் போயிட்டாங்க.

விடுவேனா? மறுநாளே புது மூட்டையைப் பிரிச்சேன். ஈஸ்ட்டைக் கூட்டினேன். தண்ணியையும் கொஞ்சம் சூடாக்கினேன். பிரெட் ரெண்டு விரக்கடை கூடவே எழும்பிச்சு! டின்னைத் தூக்கிட்டுப் போய் சின்னவ மூக்குக்கு நேரா நீட்டினேன். "பார்த்தியா? எல்லாம் மாவு பண்ற வேலை!"

அவ கல்யாணத்துக்கு முன்னாடி ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவ. "மாவு, ஈஸ்ட், தண்ணி, மூணையும் மாத்தியிருக்கீங்களே அக்கா. எதனால எழும்பிச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?"

எனக்குக் கோபம்தான் நல்லா வந்துச்சு. "சரிங்க டீச்சரம்மா, நீங்களே சொல்லுங்க."

"சந்தேகம் கை மேலதானே? அப்ப கை மட்டும்தான் மாறணும். மத்ததெல்லாம் ஒரே மாதிரி இருக்கணும். இப்ப பாருங்க, நீங்க பிசையறது காலைல, நான் பிசையறது மதியம். வெயில்கூட ஒண்ணில்ல."

ஞாயித்துக்கிழமை காலைல பரீட்சை வச்சோம். மாமியார்தான் நடுவர். ஒரே மூட்டை, ஒரே எடை, ஒரே ஜாடித் தண்ணி, கடிகாரம் பார்த்துப் பத்து நிமிஷம் பிசையல். ரெண்டு டின்னையும் மாவு பொங்கற அலமாரிக்குள்ள வச்சு, கீழ ஒரு தட்டு வெந்நீரும் வச்சுக் கதவைச் சாத்தினோம். ஒரு மணி நேரம் காத்திருக்கணும். வாசல்ல வாடிக்கைக்காரங்க குரல் கேட்டதும் ரெண்டு பேரும் கடைப் பக்கம் போயிட்டாங்க.

நான் தனியா நின்னேன். கை துறுதுறுன்னுது. கதவைத் திறந்து ஒரு பார்வை பார்த்தேன். விரலால லேசா ஒரு குத்து, பொங்குதான்னு பார்க்கத்தான். பரீட்சைன்னா நியாயம் வேணுமே, அதனால அவளோடதையும் ஒரு குத்து. ஓரவஞ்சனையே கிடையாது. அப்படி ஆறு தடவை.

அடுப்பிலிருந்து எடுத்தா ரெண்டும் செங்கல் மாதிரி உட்கார்ந்திருக்கு.

"ஐயையோ, சின்னவளுக்குக் கண்ணு பட்டுடுச்சு!"ன்னு மாமியார் கன்னத்துல கை வச்சுக்கிட்டாங்க. "ராசி போயிடுச்சு. இனிமே மேடை பெரியவகிட்டயே இருக்கட்டும்."

ஜெயிச்சாச்சு! பல்லை இளிக்கப் போனவ சின்னவளைப் பார்த்தேன். ரெண்டு கையையும் விரிச்சு வச்சுப் பார்த்துக்கிட்டிருந்தா. கண்ணு கலங்கியிருந்துச்சு. இந்த வீட்டுல அவளுக்குன்னு கிடைச்ச ஒரே நல்ல பேரு அது. பாடம் நடத்தினவளே கைராசியை நம்பிட்டா பாருங்க.

எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின கதை. தினமும் மதியம் நான் சமைக்க மாடிக்குப் போயிடுவேன், அவ மாவை யாரும் தொடறதில்ல. இன்னைக்கு அவ மாவுக்கு மாறினது வேற என்ன? நான்தான். வாயை மூடிக்கிட்டிருந்தா மேடை எனக்கு. பதினோரு வருஷத்து மேடை. ஆனா அந்தக் கையைப் பார்த்தப்புறம் என்னால முடியல.

"அலமாரியை நான் திறந்தேன்,"னேன்.

சின்னவ நிமிர்ந்தா. "எத்தனை தடவை?"

"ஆறு."

"தொட்டீங்களா?"

"குத்தினேன். ரெண்டையும் சமமா."

கண்ணைத் துடைச்சவ அப்படியே சிரிச்சுட்டா. "அடப்பாவமே! உங்க மாவையும் தினமும் இப்படித்தான் குத்துவீங்களா?" பதினோரு வருஷத்துல எத்தனை குத்துன்னு யாரு எண்ணினா?

"இன்னும் சந்தேகம்தான் அக்கா, நிச்சயமில்ல,"ன்னா. "மறுபடி வைப்போம். எல்லாம் அப்படியே. அலமாரியை யாரும் திறக்கக் கூடாது, அது மட்டும்தான் மாறணும்." யாருதுன்னு தெரிஞ்சா அத்தை மனசு ஒரு பக்கம் சாயும்னு டின் அடியில மட்டும் சாக்பீஸால குறி போட்டா. மாமியார் அலமாரிக்கு முன்னாடி முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாங்க. என்னைக் கடைக்கு விரட்டிட்டாங்க. அந்த ஒரு மணி நேரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வெந்து வந்ததும் ரெண்டும் டின்னைத் தாண்டி நின்னுச்சு. சின்னவ ஸ்கேல் வச்சு அளந்தா, ஒரே உயரம். மாமியார் மட்டும் விடல. ரெண்டையும் தட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, ஒண்ணு மேல கையை வச்சாங்க. "இதோ! இது என் சின்னவ கை. எனக்குத் தெரியாதா?"

சின்னவ மெதுவா டின்னைத் தூக்கி அடியைக் காட்டினா. என் குறி.

மாமியார் குனிஞ்சு குறியை உத்துப் பார்த்தாங்க. அப்புறம் முகமெல்லாம் மலர்ந்துச்சு. "பார்த்தியா பெரியவளே! அவ பக்கத்துல நின்னு நின்னு உனக்கும் கைராசி வந்துடுச்சு! இனிமே ரெண்டு பேருமே மேடையில நில்லுங்க."

நான் வாயைத் திறந்தேன். சின்னவ என் இடுப்புல ஒரு கிள்ளு கிள்ளினா.

"ஆமா அத்தை,"ன்னேன்.