வெண்டலின் புறங்கை

முதலில் உதிரும் ஓக் கொட்டையெல்லாம் புழுக்கொட்டைதான். இது எங்கள் ஆற்றோரத்தில் பேச்சு வராத பிள்ளைக்குக்கூடத் தெரியும். சர்க்கார் ஆட்களுக்குத்தான் வருஷா வருஷம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. புழுக்கொட்டை விழுந்ததும் மரத்தடிச் சருகோடு சேர்த்துத் தாழ்வாகத் தீ வைப்போம். புழு செத்துவிடும், தரை சுத்தமாகிவிடும், பிறகு விழுகிற நல்ல கொட்டையைச் சாப்பாட்டுக்குப் பொறுக்கிக்கொள்ளலாம். தீ மூட்டுவது பெரிய வித்தை இல்லை, எந்த மடையனும் மூட்டுவான். அது அணைந்துவிட்டதா என்று சொல்வதுதான் வேலை.

அதைச் சொல்கிறவன் என் வீட்டுக்காரன் வெண்டல். கையுறையைக் கழற்றிவிட்டுச் சாம்பலுக்கு மேலே புறங்கையைப் பிடிப்பான். அப்புறம் உள்ளங்கையை வைத்து அழுத்துவான். கடைசியில் வேர்ப்பொந்துக்குள் மணிக்கட்டு வரை விட்டுத் துழாவிவிட்டு, “ஆறிருச்சு” என்பான். அவன் சொல்லிவிட்டால் அந்த மரத்தை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டோம். அவனுக்குப் பின்னால் இன்னொருத்தர் கைவைத்துப் பார்ப்பது அவன் முகத்தில் காறித் துப்புவதற்குச் சமம். எங்களுக்குள் அப்படித்தான்.

எங்கள் சரிவில் நிற்பதெல்லாம் சம்மட்டி ஓக். பனிக்காலத்திலும் இலை உதிர்க்காது. அந்தக் காலத்தில் சம்மட்டித் தலை செய்கிற அளவுக்குக் கெட்டி, அதனால் அந்தப் பெயர். பொல்லாத மரம். மேலே பச்சையாக, ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்கும். கீழே வேருக்குள் நெருப்பு ஊர்ந்துகொண்டிருக்கும். நாலு நாள் கழித்து எங்கேயோ தள்ளிப் போய் மண்ணைக் கீறிக்கொண்டு வெளியே வரும். சரிவின் மேல்விளிம்பில் இடுப்பளவு சிங்கப்பின் புதர். முள் உருண்டைக்குள் இனிப்பான பருப்பு இருக்கும், நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தீப்பிடித்தால் எண்ணெயில் நனைத்த துணிதான். புதருக்கு மேலே என் நாத்தனார் ட்வைலாவின் வீடும் அதையொட்டி இன்னும் சில வீடுகளும். பெரிய தீயில் தப்பிய வீடுகள் அவை மட்டும்தான்.

பெரிய தீ வந்து இரண்டு வருஷமாகிறது. எங்கள் வீடு போயிற்று. வீட்டுக்குள் எங்கள் பெண் இருந்தாள். அவள் பெயரைச் சொல்லமாட்டேன், எங்கள் பழங்குடியில் போனவர்கள் பெயரை வாயில் எடுப்பதில்லை. நான் அன்றைக்குக் கடற்கரையூரில் என் தங்கை வீட்டில் இருந்தேன். சாலையை மூடிவிட்டார்கள். வெளியே போயிருந்த வெண்டல் மட்டும் மலைப்பாதையில் நடந்தே போய், சூடு அடங்காத சாம்பலை வெறுங்கையால் தோண்டியிருக்கிறான். கையில் பெரிய கட்டோடுதான் அவனைப் பார்த்தேன். கட்டுப் பிரித்தபோது தோல் புதிதாகப் பளபளவென்று இருந்தது. சாம்பலில் என்ன கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

நான் அழவில்லை. சனங்கள் சால்மன் கருவாடு கொண்டுவந்தார்கள், தின்றேன். கட்டிப்பிடித்தார்கள், நின்றேன். “நெஞ்சழுத்தக்காரி” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சொல்லட்டுமே. காலையில் எழுந்து காப்பி போட்டேன், ராத்திரி படுத்தேன். ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இந்த இலையுதிர்காலத்தில் எங்களுக்குத் தீ அனுமதி கிடைத்ததே பெரும்பாடு. அனுமதி நாளுக்கு மறுநாளே வறண்ட கிழக்குக் காற்று பலமாக வரப்போவதாக வானொலியில் சொன்னார்கள். அதனால் விடிந்ததும் மூட்டி மத்தியானத்துக்குள் முடித்துவிட்டோம். நான், வெண்டல், முதுகில் தண்ணீர்ப் பையோடு ட்வைலா.

“அண்ணி, உங்க வீட்டுக்காரரு மரத்துக்கு நாடி பிடிக்கிறாரு பாருங்க,” என்றாள் ட்வைலா. “அண்ணே, ஆம்பளப் பிள்ளையா பொம்பளப் பிள்ளையா?”

“வாயை மூடிக்கிட்டுத் தண்ணியைக் கொண்டா கழுத,” என்றான் அவன். ஒவ்வொரு மரமாக மண்டியிட்டு, கைவிட்டு, “ஆறிருச்சு”, “ஆறிருச்சு” என்று சொல்லிக்கொண்டே கீழே இறங்கி வந்தான்.

வண்டிக்குப் பின்னால் அடுப்பை வைத்து இரும்புச் சட்டியில் ரொட்டி பொரித்தேன். ட்வைலா தன் பல் வைத்தியனைப் பற்றி ஏதோ கதை அளந்துகொண்டிருந்தாள். வெண்டல் சிரித்துக்கொண்டே சட்டியின் இரும்புக் காதைத் துணி இல்லாமல் வெறுங்கையால் பிடித்துத் தூக்கினான். தூக்கி, ரொட்டியைத் தட்டில் சரித்து, சட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “அப்புறம் என்ன சொன்னான் அவன்?” என்று கேட்டான்.

“ஐயையோ, அண்ணே! கை!”

தோல் கருகுகிற வாடை அதற்குள் வந்துவிட்டது. அவன் சட்டியை மெதுவாகக் கீழே வைத்தான். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான், வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல. வெள்ளையாக ஒரு கோடு எழும்பிக்கொண்டிருந்தது.

ட்வைலா தண்ணீர் எடுக்க ஓடினாள். நான் அசையவில்லை.

“எப்பலேர்ந்துய்யா?” என்றேன்.

“என்னது எப்பலேர்ந்து?”

“கேக்குறேன்ல. எப்பலேர்ந்து தெரியல?”

அவன் மலையைப் பார்த்தான். “கட்டுப் பிரிச்சதுலேர்ந்து.”

“உள்ளங்கை மட்டுமா?”

“ரெண்டு கையும். முன்னாடி, பின்னாடி, எல்லாம்.”

“அப்ப காலையிலேர்ந்து ஆறிருச்சு ஆறிருச்சுன்னு சொன்னியே, அது என்ன?”

“கண்ணால பாத்தேன். புகை இல்ல.”

“போன வருஷம்?”

“போன வருஷம் மழை வந்துருச்சு.”

இரண்டு வருஷத்தில் முதல்தடவையாக எனக்குள் ஏதோ கிளம்பியது. கோபம்தான், வேறொன்றுமில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு உட்கார நேரமில்லை. மேலே ஒரு சரிவு முழுக்க, யாரும் தொட்டுப் பார்க்காத மரங்கள் நின்றன. காலையில் காற்று வரும்.

அடுப்பை அணைத்துவிட்டு ஏறினோம். நான் முன்னால், வெண்டல் மண்வெட்டியோடு பின்னால், கடைசியில் ட்வைலா. நான் இந்த வேலையைச் செய்ததே இல்லை, அவன் செய்ததைப் பார்த்ததோடு சரி. மண்டியிட்டுப் புறங்கையைப் பிடித்தேன், உள்ளங்கையை அழுத்தினேன், பொந்துக்குள் கைவிட்டேன். குளிர்ந்த சாம்பல். அடுத்தது. குளிர்ந்த சாம்பல். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே போகப் போகக் காய்ந்த சிங்கப்பின் முள்ளுருண்டைகள் முழங்காலில் குத்தின. மரத்துக்கு மரம் நகர்ந்தேன், பாத்திரம் கழுவுவது மாதிரி.

கடைசி வரிசையில், புதரை ஒட்டின பெரிய மரம். சாம்பல் ஆறியிருந்தது. பொந்து வாயும் ஆறியிருந்தது. மணிக்கட்டு வரை விட்டேன், வெதுவெதுப்பு. முழங்கை வரை விட்டேன்.

“ஆத்தாடி!” கையை இழுத்துக்கொண்டேன். “இருக்கு. இங்க இருக்கு!”

வெண்டல் வெட்டினான். வேர் கீழே போகவில்லை, மேல்பக்கமாகச் சிங்கப்பினை நோக்கி ஓடியது. அவன் மண்ணைத் திறக்கத் திறக்க உள்ளே சிவப்பாகக் கண் விழித்தது. வேர் நுனிக்கும் புதருக்கும் நடுவில் ஒரு கை நீளம் சருகுதான் மிச்சம். அங்கே கிளைகள் ஏற்கனவே வாடிச் சுருண்டு, இலைகள் அடிப்பக்கத்து மஞ்சளைக் காட்டிக்கொண்டிருந்தன. ட்வைலா தண்ணீரைப் பீய்ச்சினாள். ஆவி முகத்தில் அடித்தது. நான் காலால் சருகைத் தள்ளினேன், கையால் சேற்றைக் குழைத்துக் குழைத்து அப்பினேன். பை காலியானது. ட்வைலா ஓடைக்கு ஓடினாள்.

“ஆறிருச்சா?” என்றான் வெண்டல்.

அவன் அந்த வார்த்தையை யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. கைவைத்தேன். “இல்ல. வெட்டு.”

வெட்டினான். “இப்ப?”

“இல்ல.”

அவன் வெட்டினான், நான் தொட்டேன். ட்வைலா வந்து ஊற்றிவிட்டு மறுபடி போனாள். சேறு கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு விட்டது.

“ஏன்யா சொல்லல?” என்றேன். “இந்த மலையே எரிஞ்சிருக்கும். உன் தங்கச்சி வீடு எரிஞ்சிருக்கும்.”

“கையில உணர்ச்சி இல்லன்னா, ஏன்னு கேப்பே.”

“கேட்டா?”

“சொல்லணும்.”

அவன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் குழிக்கு அந்தப் பக்கம் மண்டியிட்டான். கொப்புளம் உடைந்து கையில் வழிந்துகொண்டிருந்தது. அவனுக்கு அது தெரியவில்லை.

“சொல்லு,” என்றேன்.

“வேண்டாம் வெர்லி.”

“சொல்லுய்யா. நான் அங்க இல்ல. நீதான் இருந்தே.”

“சாம்பல் சுட்டுச்சு,” என்றான். “தோண்டத் தோண்டச் சுட்டுச்சு. அப்பல்லாம் நல்லா வலிச்சுது. குளிக்கிற ரூம்ல தொட்டிக்குள்ள படுத்திருந்தா. ஈரத்துணியைப் போத்திக்கிட்டு, நாம சொல்லிக் குடுத்த மாதிரியே. அவ கையைப் பிடிச்சேன். பிடிச்சுக்கிட்டே உட்காந்திருந்தேன். அதுதான் கடைசி. அதுக்கப்புறம் இந்தக் கைக்கு ஒண்ணும் தெரியல.”

“எவ்வளவு நேரம்?”

“தீயணைப்பு ஆளுங்க வந்து பிரிச்சு எடுக்குற வரைக்கும்.”

நாம சொல்லிக் குடுத்த மாதிரியே. சொல்லிக் கொடுத்தது நான். தொட்டியில் படு, துணியை நனைத்துப் போர்த்திக்கொள், நாங்கள் வந்துவிடுவோம் என்று சொன்னது நான். அவள் அப்படியே செய்திருக்கிறாள்.

சேற்றுக் கையோடு அவன் தோளில் ஓங்கி அடித்தேன். ஏன் அடித்தேன் என்று கேட்காதீர்கள். இன்னொரு தரம் அடித்தேன். அவன் தடுக்கவில்லை. நான் அடித்துக்கொண்டே இருந்தேன். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என்னுடையது என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தண்ணீரோடு மேலே வந்த ட்வைலா அப்படியே பையை வைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள்.

“வலிக்குது, வெர்லி,” என்றான் அவன்.

“வலிக்கட்டும்,” என்றேன்.