இடது கையில் ஆறு தட்டு

ஆர்த்திகா வந்த நாளிலிருந்தே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. பாரிஸில், லா சப்பலில் ரோசாலி ரீச்சரிடம் நான் பதினொரு வருடமாகப் பியானோ படிக்கிறேன். வேலை முடிந்த களைப்போடு புறநகர் கார்ஜிலிருந்து ரயிலேறி வந்து படித்தவள். ஆர்த்திகா சென்னையிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்தவள். வகுப்பில் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஜூன் கச்சேரியில் ஸ்பானிய உருப்படி வாசிக்க ஒரே ஓர் இடம்தான். அது எனக்குத்தான் என்று நானே முடிவு செய்திருந்தேன்.

தொல்லை இடது கையில் இருந்தது. ஸ்பானியக் கிராமங்களில் ஆட்டம் நடக்கும்போது சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்களாம். அந்தத் தட்டைத்தான் இசையமைத்தவர் பியானோவின் இடது கைக்குக் கொடுத்திருக்கிறார். ஆறு தட்டு. ஒரு தடவை மூன்று மூன்றாகப் பிரியும், அடுத்த தடவை இரண்டு இரண்டாக. நான் ‘அன், தூ, துருவா’ என்று பிரெஞ்சில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி எண்ணி, அந்தத் திருப்பத்தில் ஒவ்வொரு முறையும் தடுக்கி விழுந்தேன்.

“மிருணாளினி, நீ எண்ணுற. ஆர்த்திகா ஆடுறா,” என்றார் ரீச்சர். புதுச்சேரிக்காரர், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு சனிக்கிழமை நேரத்தோடு போய்விட்டேன். உள்ளே ஆர்த்திகா தனியாக வாசித்துக்கொண்டிருந்தாள். கதவோரம் நின்று ஒட்டுக்கேட்டேன், வெட்கமில்லாமல்தான். “தகிட தகிட, தக தக தக” என்று ஜதி சொல்லிக்கொண்டே வாசித்தாள். இவ்வளவுதானா! சின்ன வயதில் நானும் பரதம் பழகினவள்தானே, எனக்கு ஏன் இது தோன்றவில்லை? சத்தமில்லாமல் படியிறங்கிவிட்டேன்.

அன்று முதல் ரயிலில் தொடையில் தட்டித் தட்டிப் பழகினேன். தெரிவு நாளில் ஒரு தட்டுகூடப் பிசகவில்லை. ரீச்சர் எழுந்தே நின்றுவிட்டார்.

“எப்படிம்மா புடிச்ச?”

“நானாத்தான் கண்டுபிடிச்சனான், ரீச்சர்.”

பின்வரிசையில் ஆர்த்திகா இருந்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“த்ரே பியேன், ரொம்ப நல்லாருக்கு! கச்சேரி உனக்குத்தான். இப்ப எல்லாருக்கும் வாயால எண்ணிக்கிட்டே வாசிச்சுக் காட்டு.”

தகிட என்று வாயைத் திறந்தால் களவு வெளியே வந்துவிடும். ‘அன், தூ, துருவா’ என்று தொடங்கினேன். திருப்பத்தில் விரல்கள் ஒன்றோடொன்று மோதின. மறுபடி தொடங்கினேன், மறுபடி விழுந்தேன். யாரோ சிரித்தார்கள்.

அப்போது பின்னாலிருந்து கைதட்டு கேட்டது. மூன்று, மூன்று. இரண்டு, இரண்டு, இரண்டு. ஆர்த்திகா தட்டிக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“வாசிங்க அக்கா. நான் தாளத்தைப் புடிச்சுக்கிறேன்.”

வாசித்தேன், வேறென்ன செய்ய? கடைசிவரை பிசகாமல் வந்தது. எல்லோரும் என்னைத்தான் பாராட்டினார்கள். நிகழ்ச்சித் தாளில் ரீச்சர் என் பெயரை எழுதினார்.

படியிறங்கும்போது ஆர்த்திகா மெதுவாகச் சொன்னாள்: “அடுத்த சனிக்கிழமை வெளியவே நின்னுட்டுப் போயிடாதீங்க அக்கா. உள்ள வாங்க, சேர்ந்தே வாசிக்கலாம்.”

பாவி, எல்லாம் தெரிந்துதான் தட்டியிருக்கிறாள். அதை ரீச்சர் முன்னால் சொல்லியிருந்தால், அவளை நிம்மதியாக வெறுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.