பரத் அழுத்தியது டெஸ்ட்தான்

ஆஸ்பத்திரியின் டோக்கன் ஆப் இரண்டு மணி நேரம் படுத்துவிட்டது. டயாலிசிஸுக்கு வந்தவர்கள்கூட வரிசையில் நின்றார்களாம். பாதி முடித்த வேலையைப் பரத் கைதவறி, ஆஸ்பத்திரி பயன்படுத்தும் லைவுக்கு அனுப்பிவிட்டான் என்று மேனேஜர் சௌந்தரராஜன் மீட்டிங்கில் சொன்னபோது, டீம் பொறுப்பில் இருந்த குணசுந்தரியும் தலையாட்டினாள்.

மறுநாள் தன் வீட்டில் கோட் எடிட்டரைத் திறந்தபோதுதான் அவளுக்குத் தன் தப்பு தெரிந்தது. முடித்த வேலையை அனுப்புவதற்கான பில்ட் மெனுவை டீமுக்கு அமைத்துக் கொடுத்தவள் அவள். ஒரு கீயை அழுத்தினால் எந்த வாடிக்கையாளர் என்று கேட்கும். தேர்ந்தெடுத்தால் உள்ளே இன்னொரு மெனு விரியும்: டெஸ்டா, லைவா? லைவ் என்றால் மட்டும் 'நிச்சயமா?' என்று மறுபடி கேட்க வேண்டும். ஆஸ்பத்திரியைப் புதிதாகச் சேர்த்த அவசரத்தில் அவள் டெஸ்ட்டுக்கான இடத்திலும் லைவ் முகவரியையே எழுதியிருந்தாள். டெஸ்ட் என்று அழுத்தினால் கேள்வியே இல்லாமல் லைவுக்குப் போய்விடும்.

வரியைத் திருத்தினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

பரத் தினமும் ரயில் கிளம்பும் மாரிகுப்பத்திலேயே ஏறி, பெங்களூர் ரயிலில் அவளுக்கும் சீட் போட்டு வைப்பான். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒன்பதாம் நாள் அவனே பேச்செடுத்தான்.

"இப்பல்லாம் ஃபேன் சுவிட்ச் போடக்கூட ரெண்டு தபா பாக்கறேங்க்கா. டெஸ்ட்டுதான் அழுத்தனேன்னு ஞாபகம். ஆனா என் கைய நானே நம்ப முடில. வேலைய விட்டுடலாம்னு கீறேன். பூதிகோட்டையில மாமா நெலம் கீது, பாத்துக்கலாம்."

குணசுந்தரி ஜன்னலை விட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"நீ டெஸ்ட்டுதான் அழுத்தின பரத். மெனுவுலதான் தப்பு. நான் பண்ண தப்பு."

"இன்னாக்கா சொல்றீங்க? எப்ப தெரியும்?"

"மறுநாளே."

"இத்தினி நாளும் உங்களுக்கு சீட் போட்டுனு வந்தேனேக்கா!"

எழுந்து கதவோரம் போய் நின்றுகொண்டான்.

ரயில் பங்காருபேட்டை வருவதற்குள் குணசுந்தரி போனிலேயே டீம் முழுவதற்கும் எழுதி அனுப்பினாள்: தப்பு இன்னது, எழுதியது நான், தெரிந்தும் மறைத்தேன். இரண்டு முறை அடித்துத் திருத்தினாள்.

தப்பு செய்ததற்கல்ல, மறைத்ததற்காகத்தான் சௌந்தரராஜன் அவளைக் கடிந்துகொண்டார். டீம் பொறுப்பு அவள் கையைவிட்டுப் போனது. அவர் எல்லோர் முன்னும் பரத்திடம் மன்னிப்புக் கேட்டார்.

பரத் வேலையை விடவில்லை. குணசுந்தரியிடம் வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசுவதில்லை. அதைக் குறையென்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.