பட்டையில் ஏறிய நீலம்

ஆய்வகத்தில் அவளைப் பச்சைக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். மின்சாரம் கடத்தும் ஒருவகைப் பிளாஸ்டிக்கை மெல்லிய பட்டைகளில் பூசிக் காயவைப்பது அவள் வேலை. அந்தப் பச்சை எத்தனை சோப்புப் போட்டாலும் விரலை விட்டுப் போகாது. பட்டை பச்சையாக இருக்கும்வரை அதில் மின்சாரம் ஓடும். அம்மோனியா பட்டால் நீலமாகி மின்சாரத்தை மறித்துவிடும். குளிர்பதனக் கிடங்குகளில் வாயு கசிந்தால் மணியடிக்க இதைத்தான் மாட்டுகிறார்கள்.

அம்மோனியாவோடு அவளுக்கு வேறொரு உறவும் உண்டு. புருஷன் மீன்பிடிக் கப்பலில் குளிர்சாதன மெக்கானிக். வீட்டுக்கு வந்தால் அவனுக்கு முன்னால் அந்த நெடி வரும். கல்யாணமான புதிதில் மூக்கைப் பொத்திக்கொண்டு, "முதல்ல போய்க் குளிங்க" என்று விரட்டியவள்தான். இப்போது அவன் விட்டுப்போன வேலைச்சட்டையைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டிப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறாள். விரட்டினவளுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்.

அவன் கப்பலேறும்போது அவள் வயிற்றில் மூன்று மாதம். மகள் பிறந்து தவழவும் தொடங்கிவிட்டாள். அப்பனைப் போனில் பார்த்ததோடு சரி. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது அவனுடைய அக்கா.

சட்டையின் எண்ணெய்க் கறைக்குள் நெடி கொஞ்சம் ஒளிந்திருந்தது. அதுவும் மூக்குக்கு எட்டாமல் போனதும், ஆய்வகத்தில் கழித்துப்போட்ட பட்டை ஒன்றைக் கொண்டுவந்து சட்டைப்பையில் செருகினாள். பட்டைக்கு இன்னும் தெரிந்தது. லேசாக நீலம் பாயும். வினிகர் ஆவியில் காட்டிப் பச்சையாக்கி மறுபடி செருகுவாள். போகப்போக நீலம் வெளுத்தது. பிறகு வெறும் பச்சைதான். ஆனால் மனசு கேட்டால்தானே, தினமும் எடுத்துப் பார்த்தாள்.

அன்று காலை அவன் போனில் சொன்னான். "ஒப்பந்தத்த நீட்டிட்டாங்க. இந்தத் தடவையும் வர முடியாது."

"பரவால்ல, உடம்பப் பாத்துக்குங்க" என்று வைத்துவிட்டாள். அன்று பூசிய பட்டைகள் ஒன்றுகூட உருப்படவில்லை. ஆனாலும் உள்ளே ஒரு நப்பாசை. வர முடியாது என்று சொல்லிவிட்டு வாசலில் வந்து நிற்கிற குறும்பு அவனுக்கு முன்பே உண்டு.

சாயங்காலம் வீடு திரும்பினால், பை கட்டிலில் பிரிந்து கிடந்தது. சட்டையைக் காணோம். மேசைமேல் பட்டை, மையில் முக்கி எடுத்தது போலக் கருநீலமாக. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள்.

"எப்ப வந்தீங்க?" கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது.

கதவு திறந்தது. கையெல்லாம் சோப்பு நுரையோடு நாத்தனார் நின்றாள். "எப்ப வந்தேனா? நான் எங்க போனேன்?"

பின்னால் வாளியில் சட்டை.

"சண்டைக்கு வராத, சொல்லிடறேன். உன் பொண்ணு தூங்காம ஊரக் கூட்டிட்டா. வேற வழி தெரியாம அவ அப்பன் சட்டைய விரிச்சுப் போட்டேன். படுத்தவதான், மத்தியானம் பூரா அசையல. அதுலயே ஒண்ணுக்கும் போய் வச்சிருக்கா. சட்டைப்பையில இருந்த உன் பட்டையும் தொப்பல். நாத்தம் தாங்கல, அலசிட்டேன்."

"ஏன் அண்ணி இப்படிப் பண்ணீங்க?" ஈரச் சட்டையை வாளியிலிருந்து பிடுங்கி முகத்தில் அழுத்தினாள். சோப்பு வாசனை. அவனுடையது ஒரு துளிகூட இல்லை. அங்கேயே குந்தி உட்கார்ந்து அழுதாள்.

நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "எல்லாப் பிள்ளையும் பொறந்ததும் அப்பன் மடிய நனைச்சிடும். உன் பொண்ணுக்கு இன்னிக்குத்தான் வாய்ச்சுது."

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே இன்னும் அழுதாள்.

சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு, பட்டையைத் துடைத்து, வழக்கம்போல வினிகர்ப் புட்டியைத் திறந்தாள். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மூடினாள். நீலம் அப்படியே இருக்கட்டும். மகள் செய்த காரியத்தை அப்பன் வந்து கண்ணால் பார்க்க வேண்டும். காலிப் பையில் பட்டையைப் போட்டு, காற்றுப் புகாமல் கட்டி வைத்தாள்.